அரக்கனின் இடது சாக்ஸ்

வியாழக்கிழமைகளில் சர்ச்சுக்குக் கூட்டம் குவியும் விவேக் நகரில் செருப்புத் தொலைவது சாதாரணம். ராகேஷ் ஒற்றைச் செருப்போடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். நான் அவன் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்திருந்தேன். அவன் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும்.

வெளியே அவன் செருப்பு ஒன்றுதான் கிடக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

"ஒத்தச் செருப்ப எவன்க்கா எடுப்பான்?"

"சர்ச் கூட்டம்பா. மாத்திப் போட்டுனு போயிருப்பாங்க. ஓடிப் பாரு."

இன்னொன்று என் கல்லா மேசைக்கு அடியில் இருந்தது. பிரவுசிங் சென்டருக்குள் செருப்பு கூடாது என்று போர்டு மாட்டியவளும் நான்தான்.

ராகேஷ் பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுவான். ஆன்லைன் ஆட்டம் ஒன்றில் அரக்கனின் இடது சாக்ஸைத் தேடுகிறான். அதன் நாற்றத்துக்கு ஆட்டத்து ஊர்மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அதை அரக்கனின் தாயிடம் சேர்த்தால் வெற்றி. வென்றதும் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பெண் பார்க்க வருவதாக வீட்டில் சத்தியம் செய்திருக்கிறான்.

அன்று சாக்ஸ் கிடைத்துவிட்டது. தாயின் குகைக்கு ஒரு காடுதான் பாக்கி. நான் அதை அவன் ஆட்டத்துப் பையிலிருந்து எடுத்துச் சேற்றோரம் போட்டேன். கீழே கிடப்பதை எந்த ஆட்டக்காரரும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்தவன் ஆட்டத்துப் பையைத் திறந்து பார்த்தான்; சாக்ஸ் இல்லை. பிறகு ஆட்டத்துக் கூட்டாளி பீமாவிடம் தட்டச்சில் புலம்பினான். பீமாவை அவன் நேரில் பார்த்ததில்லை.

"மறுபடி போச்சு மச்சான். சந்தாபுராவுல பொண்ணு பாத்து வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை வரலன்னா வேற எடத்துல குடுத்துடுவாங்களாம். ஆட்டத்த விட்டுடவா?"

"சத்தியம்னா சத்தியம் மச்சான். தேடு."

தேடினான். ஞாயிற்றுக்கிழமையும் தேடினான்.

நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கல்யாணம் அவசரப்பட்டுச் செய்கிற காரியமா? அவனுக்கு முதன்முதலில் பார்த்த பெண்ணுக்கு இப்போது இரண்டாவது குழந்தை. அவள் நன்றாகத்தானே இருக்கிறாள். என்னை அக்கா என்று கூப்பிடுவதும் வெறும் பழக்கம்தான். மாற்றிக்கொள்ள அவனுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்; அதைத்தான் கொடுக்கிறேன்.

அவன் தொலைத்த சாக்ஸ் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, பீமாவின் பையில். பீமா என் கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் அவனைக் கேத்தரின் என்று கூப்பிடுவார்கள்.