பதிவேட்டில் இல்லாத இருபத்து மூவர்

மேடையில் அமர்ந்திருக்கும் டீச்சரின் அண்ணன் திரு. ஸ்ரீஸ்கந்தராஜா அவர்களே, நம் மாலைக் கல்வி மன்றத்தின் செயற்குழுவினரே, அக்கரையிலிருந்து ஃபெரி ஏறியும் பாலம் கடந்தும் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்திருக்கும் பெற்றோரே, மாணவர்களே! உங்கள் அனைவருக்கும் திருநாவுக்கரசின் வணக்கம்.

மன்றத் தலைவன் என்ற முறையில் என்னை முதலில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் "டீச்சருக்கு மாரடைப்பு, போயிட்டாங்க" என்று தொலைபேசி வந்ததிலிருந்து மரத்துப்போய்த்தான் இருக்கிறேன். "சாப்பிட்டீங்களா சார்?" என்று யாராவது கேட்டால், என் மனைவியின் முகத்தைப் பார்க்கிறேன். அவர்தான் பதில் சொல்கிறார்.

கணித ஆசிரியை யோகலட்சுமி அம்மையார்! பதினோரு ஆண்டுகள் நம் மன்றத்தின் அஞ்சல் வகுப்பை ஒற்றை ஆளாக நடத்தியவர். மாதம் இரண்டு கேசட், இரண்டு பயிற்சித்தாள். மாணவர்கள் வீட்டில் கேட்டுக் கணக்குப் போட்டு, விடையைத் தபாலில் அனுப்புவார்கள். திருத்திய தாளும் அடுத்த கேசட்டும் தபாலிலேயே போகும். இந்த 1988 நவம்பரில் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு எழுத இருபத்து மூன்று பேர் காத்திருக்கிறார்கள். இன்னும் நான்கு பாடங்கள் பாக்கி. டீச்சர் இல்லை.

அந்த வகுப்பை நான் ஏற்றுக்கொண்டேனா? இல்லை! கரும்பலகை இல்லாமல் கணக்கா? முகம் பார்க்காமல் பாடமா? ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் நான் கேட்டேன். "ரேடியோ ஸ்டேஷன்ல வேலைக்குச் சேர்ந்துடுங்கம்மா" என்றுகூடக் கேலி செய்தேன். அவர் சிரித்தார். "பாயான் லெப்பாஸ் ஃபக்டரியளில ஷிப்டு வேலை செய்யிற பிள்ளையள் ஏழு மணிக்கு எப்பிடி உங்கட வகுப்பு வாங்கில வந்து இருக்கிறது? நீங்களே சொல்லுங்கோ" என்றார். மறு ஆண்டும் அதே கேலியைத்தான் செய்தேன்.

அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து டீச்சரின் பழைய மாணவி குணவதி வந்திருக்கிறாள். இவள் முதலில் என் மாலை வகுப்பில்தான் இருந்தாள். எட்டு மாதம். ஒரு நாள்கூட விடாமல் வந்தாள் என்று என் பதிவேடு சொல்கிறது. தேர்வில் தோற்றாள். மறு ஆண்டு டீச்சரிடம் போய்த் தேறினாள், இன்று தாதியாக வேலை பார்க்கிறாள். எப்படி? புதன்கிழமை டீச்சர் வீட்டு வாசலில் அவளையே கேட்டேன்.

"ஒவ்வொரு கேசட் முடிவிலயும் டீச்சர் எங்க பேரைச் சொல்லிப் பேசுவாங்க சார். 'குணவதி, ஏழாவது கணக்கில கழித்தல் குறியை விட்டிட்டீர். பயப்படாதையும், வழி சரி' அப்படின்னாங்க. அதை ரிவைண்ட் பண்ணி ரிவைண்ட் பண்ணிக் கேட்டேன். உங்க கிளாஸ்ல நீங்க நம்பர்தான் கூப்பிடுவீங்க லா. நான் முப்பத்தி நாலு."

முகம் பார்த்துப் பாடம் நடத்தியவன் நான்! எட்டு மாதம் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் புரிகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்காமலே பாடம் சொன்னவருக்கு அவள் விட்ட ஒரு சின்னக் குறி தெரிந்திருக்கிறது.

ஆனால் அன்பர்களே, கேசட்டே போதும் என்று டீச்சரும் சொன்னதில்லை. "முன்னால இருந்தா விளங்கேல்ல எண்டு முகத்திலேயே தெரிஞ்சிடும். கடிதத்தில தெரியிறதுக்குப் பத்து நாள் போயிடுது" என்று என்னிடமே ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பத்து நாளைக் குறைக்கத்தான் ஞாயிறுதோறும் குடையும் பையுமாகப் புறப்படுவார். ஒரு வாரம் பாகான் டாலாம், ஒரு வாரம் பத்து காவான் என்ற தோட்டப்புறம். வகுப்பறையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அவரே போனார். அறுபத்து மூன்று வயதில்!

இனி நான் சொல்லப்போவதை இந்த மேடையில் சொல்ல வேண்டியதில்லை என்று செயற்குழு நண்பர்கள் தடுத்தார்கள். சொல்லத்தான் போகிறேன்.

நம் மன்றத்தில் ஒரு வழக்கம். ஆண்டறிக்கையில் மாணவர் எண்ணிக்கையை வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுதுவோம். வாங்கில் வந்து உட்கார்ந்தவன் மாணவன். தபாலில் படிப்பவனுக்கு வருகை ஏது? அதனால் பதினோரு ஆண்டும் 'அஞ்சல் வகுப்பு: மாணவர் இல்லை' என்றே எழுதி வந்தோம். எழுதியவன் நான். நான் எழுதியதை நானே நம்பினேன். மாணவர் இல்லாத வகுப்பு எதற்கு என்று, அதை மூடும் தீர்மானத்தையும் நானே எழுதினேன், செயற்குழு நிறைவேற்றியது. போன சனிக்கிழமை அதை டீச்சர் கையில் கொடுத்தேன்.

படித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்! "சோதினை வரைக்கும் பொறுங்கோ அண்ணை, நாலு பாடம்தானே" என்றார். "கமிட்டி முடிவும்மா" என்றேன். அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான். மூன்றாம் நாள் போய்விட்டார். என்னை மன்னிக்கச் சொல்லி யாரிடம் கேட்பது? தெரியவில்லை.

நேற்று செயற்குழு கூடி அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தது. அஞ்சல் வகுப்பு நடக்கும். பாக்கி நான்கு பாடங்களையும் நானே பதிவு செய்து அனுப்புவேன். இது யோகலட்சுமி அம்மையாரின் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

வாக்குக் கொடுப்பது சுலபம். இன்று காலை மன்ற அறையில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். முப்பது வருடம் பாடம் நடத்திய வாய், ஒரு வார்த்தை வரவில்லை. யாரிடம் பேசுவது? பெயர்ப் பட்டியல் கையில் இருந்தது. அதில் ஒரு முகமும் எனக்குத் தெரியவில்லை. நாடா சுற்றி முடிந்தது, எழுந்து வந்துவிட்டேன்.

அந்த இருபத்து மூன்று பேரும் இந்த மண்டபத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். பிள்ளைகளே, கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். தேநீர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொருவராக வாருங்கள். பெயரைச் சொல்லுங்கள். எந்தக் கணக்கு வரவில்லை என்று சொல்லுங்கள். எனக்குக் கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.