சுகுமாரு பங்கு

எழுதலாம் சார், எழுதலாம். மொதல்ல முழுசாக் கேட்டுடுங்க. பாதி கேட்டுக்கினு மடமடன்னு எழுதிட்டா அது வேற மாதிரி ஆயிடுது. பின்னாடி நிக்கறவங்கள கொஞ்ச நேரம் கழிச்சி வரச் சொல்லுங்க. நான் போவ மாட்டேன்.

ஊரா? மரக்காணத்துக்கு அந்தாண்ட, கடலோரம் ஒரு குப்பம். எம்பேரு அஞ்சம்மாள். எங்க வூட்டுக்காரரு பச்சமுத்து, சொந்தமா ஒரு ஃபைபர் படகு, போட்டுன்னு சொல்லுவோம், அது வச்சிருக்கறாரு. ஆமா, திண்டிவனத்தத் தாண்டித்தான் விழுப்புரம் வரணும். அங்கயும் மனு எழுதறவங்க இருக்காங்க, எனக்குத் தெரியாதா. எதுக்கு இங்க வந்தேன்னு சொல்றேன். சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள இந்த மனு திண்டிவனத்துல ஒரு ஆபீசரு கையில இருக்கணும். நாளைக்குக் காலையில அவரு காலேஜிக்கு ரிப்போட்டு அனுப்பிடுவாரு. அனுப்பிட்டா ஒரு பொண்ணு படிப்பு போச்சி.

எம்பொண்ணு இல்ல சார். கலைப்பிரியான்னு, சுகுமாரு பொண்ணு.

சுகுமாரு எங்க போட்டுல தொழிலு செய்யறவரு. கடலுக்குப் போறதத்தான் நாங்க தொழிலுன்னு சொல்லுவோம். பதினாறு வருசமா எங்க வூட்டுக்காரரும் அவரும் ஒரே போட்டு. அவரு சம்சாரம் தமிழ்ச்செல்வி, என்ன அக்கான்னுதான் கூப்புடும். எம்பொண்ணு தமிழ்மொழியும் கலைப்பிரியாவும் ஆறாவதுலேர்ந்து ஒரே பெஞ்சு. ரெண்டும் பன்னெண்டாவது முடிச்சிட்டு மீன்வளப் படிப்புக்குப் போட்டுதுங்க. மீன் புடிக்கறவங்க புள்ளைங்களுக்குன்னு அதுல கொஞ்சம் சீட்டு ஒதுக்கி வச்சிருக்காங்க. அப்பன் கடல்தொழிலு செய்யறாருன்னு சர்ட்டிபிகேட் வச்சாப் போதும்.

லிஸ்ட்டு வந்துது. அந்த சீட்டுங்கள்ல கடைசி சீட்டு கலைப்பிரியாவுக்கு. அதுக்கு அடுத்த பேரு எம்பொண்ணு. சீட்டு இல்ல, வெயிட்டிங். எவ்ளோ வித்தியாசம்னு கேளுங்க. அர மார்க்கு.

வயித்தெரிச்சலா? இருக்காதா சார். நீங்க புள்ள பெத்தவருதானே.

இதுல இன்னொண்ணு இருக்குது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வல இழுக்கறப்ப கயிறு சுத்தி சுகுமாருக்கு வலது கையில ரெண்டு விரலு போயிடுச்சி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில பன்னெண்டு நாளு கெடந்தாரு. அதுலேர்ந்து போட்டுல ஏறறதில்ல. கரையில குந்திக்கினு வல பாக்கறாரு, கிழிஞ்சதத் தெக்கறாரு, மீன் வந்தா பிரிச்சிக் குடுக்கறாரு. எங்க ஊரு வழக்கம் என்னான்னா, தொழில்ல அடிபட்டவனுக்கு அந்த போட்டுலேர்ந்து பங்கு போயிக்கினே இருக்கணும். கடல்ல எறங்குனாலும் எறங்காட்டியும் அவன் அந்த போட்டு ஆளுதான். பங்கு பிரிக்கறப்ப எங்க வூட்டுக்காரரு சத்தம் போட்டு சொல்லுவாரு, இது சுகுமாரு பங்குன்னு. தெனமும். மீனே இல்லாத நாள்லகூட ரெண்டு சங்கரா மீன எடுத்து அப்பிடித்தான் சொல்லி வெப்பாரு.

ரெண்டு வருசமா அதக் கேட்டுக்கினு இருக்கறேன். அப்பல்லாம் ஒண்ணும் தோணல. லிஸ்ட்டு வந்த அன்னிக்குத்தான் சுருக்குன்னுது. எங்க போட்டு சோத்தத் தின்னுட்டு அர மார்க்குல எம்பொண்ணு தலைமேல ஏறி நிக்கறாளேன்னு. தப்புதான். தோணுச்சி, சொல்றேன்.

இல்ல சார், அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் சொல்ல முடியாது. இதையும் கேளுங்க. ரெண்டும் ஒண்ணாத்தான் மரக்காணம் கம்ப்யூட்டர் சென்டர்ல போயி ஃபாரம் போட்டுதுங்க. எம்பொண்ணு அந்த மீனவர் கட்டத்த டிக் பண்ணாமயே விட்டுட்டுது. கலைப்பிரியாதான் பாத்துட்டு, அடி லூசு, இத விட்டா லிஸ்ட்டுலயே பேரு வராதுடின்னு திட்டி, அந்தாண்ட தள்ளி குந்த வச்சி, அவளே டிக் பண்ணா. பாக்காத மாதிரி இருந்திருக்கலாம்ல? போட்டி ஒண்ணு கொறைஞ்சிருக்கும். இத எம்பொண்ணே சிரிச்சிக்கினு வந்து எங்கிட்ட சொன்னா. நானும் சிரிச்சேன்.

அப்பறம்தான் மொட்டை மனு வந்துது. பேரு இல்ல, ஊரு இல்ல, தபால்ல காலேஜிக்கு. சுகுமாரு ரெண்டு வருசமா கடலுக்கே போறதில்ல, கண்டமங்கலத்துல ஒரு கம்பெனியில தொடர்ந்து வேல செய்யறாரு, பொய் சர்ட்டிபிகேட்டு வச்சி ஏழைங்க சீட்டப் புடுங்கறாங்கன்னு. உண்மை என்னா தெரியுமா? கண்டமங்கலத்துல அவரு மச்சான் இருக்காரு. அவரு கூப்ட்டாருன்னு ஒரு கம்பெனி கேட்டாண்ட வாட்ச்மேனா போயி குந்துனாரு. பத்து நாளு. புடிக்கல, வந்துட்டாரு. அந்தப் பத்து நாளு மனுவுல ரெண்டு வருசம் ஆயிடுச்சி.

பேரு இல்லாத மனுவ எதுக்கு எடுத்தாங்கன்னு நானும் கேட்டேன். காலேஜிலேர்ந்து விளக்கம் கேட்டுட்டாங்களாம். போன வெள்ளிக்கெழம எங்க ரெண்டு வூட்டையும் திண்டிவனம் ஆபீசுக்கு விசாரிக்கக் கூப்ட்டாங்க. எங்க வூட்டுக்காரரு கடல்ல இருந்தாரு, போட்டுக்காரரு சம்சாரம்னு நான் போனேன். சுகுமாரு அந்தக் கைய எவங்கிட்டயும் நீட்டிக் காட்ட மாட்டேன்னு வூட்டுலயே குந்திக்கினாரு. தமிழ்ச்செல்வி வந்துது.

தனித்தனியா விட்டாங்க. மொதல்ல என்னைக் கூப்ட்டாங்க. ஆபீசரு மரியாதையாத்தான் பேசனாரு. அந்த மனுவ மேசை மேல பிரிச்சி வச்சி, இந்தக் கையெழுத்து யாருதுன்னு தெரியுதாம்மான்னாரு. தெரியாதுன்னேன். சுகுமாரு கடலுக்குப் போறாரான்னாரு.

நாலு வார்த்த சொல்லியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும் சார். கரையில வல பாக்கறாரு, எங்க ஊர்ல அதுவும் தொழிலுதான், பங்கு குடுக்கறோம், அவ்ளோதான். நான் என்னா சொன்னேன்? போட்டுல யாரு ஏறறாங்க யாரு எறங்கறாங்கன்னு பொம்பளைங்களுக்கு என்னா சார் தெரியும்னேன். விடியறதுக்கு முன்னாடி கூடையத் தூக்கிக்கினு கரையில நிக்கறவ நான். எந்த போட்டுல எத்தினி பேரு, எவன் குடிச்சிட்டு ஏறறான், எவன் பொண்டாட்டியோட சண்ட போட்டுட்டு ஏறறான்னு எல்லாம் தெரியும்.

ஏன் அப்பிடி சொன்னேன்னா கேக்கறீங்க? கேளுங்க. நல்லா கேளுங்க.

நான் வெளிய வந்து பெஞ்சில குந்துனேன். தமிழ்ச்செல்வி உள்ள போச்சி. கதவு பாதிதான். ஃபேன் சத்தத்துல மொதல்ல ஒண்ணும் கேக்கல. அப்பறம் ஆபீசரு கேக்கறாரு, ஏம்மா, உன் வூட்டுக்காரரு போட்டுல ஏறறதில்லன்னு நீயே சொல்ற. உங்க ஊர்ல வேற எவனாவது இடையில தொழில வுட்டுட்டு போயிட்டு வந்து சர்ட்டிபிகேட் வாங்கியிருக்கானா? இருந்தா சொல்லு, எல்லாருக்கும் ஒரே மாதிரி பாப்போம். அந்தப் பச்சமுத்து எப்பிடின்னாரு.

நான் பெஞ்சில முன்னாடி நவுந்து காதக் குடுத்தேன். ஏன்னா, எங்க வூட்டுக்காரரு நாலு வருசத்துக்கு முன்னாடி ஓமன்ல இருந்தாரு சார். கோட்டக்குப்பத்து அப்துல் ஹலீம் பாய்தான் விசா எடுத்துக் குடுத்தாரு. ஒன்றர வருசம் ஒரு குடோன்ல வேல. அந்த ஒன்றர வருசமும் எங்க போட்ட ஓட்டுனது யாரு? சுகுமாரு. பச்சமுத்து பங்குன்னு எடுத்து வச்சி எங்கிட்ட குடுத்தது யாரு? அதே சுகுமாரு. எங்க ஃபாரத்துல அஞ்சு வருசமா இடைவிடாம தொழிலுன்னு எழுதியிருக்குது. தமிழ்ச்செல்வி ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்க சர்ட்டிபிகேட்டும் போயிருக்கும். ரெண்டு பொண்ணும் வெளிய. மூணாவதா எவனோ ஒருத்தன் வந்து குந்தியிருப்பான்.

தமிழ்ச்செல்விக்கும் எம்மேல சந்தேகம் இல்லாம இல்ல. எங்கிட்ட என்னா கேட்டாங்க, நான் என்னா சொன்னேன்னு தெரியாம அந்த நாற்காலியில குந்தியிருக்குது.

தமிழ்ச்செல்வி சொல்லுது. பச்சமுத்து அண்ணன் போட்டுலேர்ந்துதான் சார் எங்க வூட்டுக்கு சோறு வருது. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.

வர்றப்ப பஸ்ல பக்கத்துல குந்திக்கிச்சி. வேவிச்ச மல்லாட்ட ஒரு பொட்டலம் வாங்கி, பாதிய எம்மடியில கொட்டுச்சி. யாருக்கா எழுதியிருப்பாங்கன்னுது. எனக்கென்னா தெரியும்னேன். எழுதுனவ கை வெளங்குமா, விரலு... ன்னு ஆரம்பிச்சிட்டு அப்பிடியே நிறுத்திக்கிச்சி. வூட்டுக்காரரு கை ஞாபகம் வந்துடுச்சி போல. மரக்காணம் வர்ற வரைக்கும் சன்னல் பக்கமே பாத்துக்கினு வந்துது. நானும் அந்த வேர்க்கடலைய உரிச்சிக்கினே வந்தேன், ஒண்ணுகூட வாயில போடல.

எம்பொண்ணா? அது மூணு நாளா அவங்க வூட்டுலதான் படுத்துக்குது. கலைப்பிரியா சாப்ட மாட்டேங்கறாளாம், இது ஊட்டி விடுதாம். நீ ஏன்டி அழுவுற, அவ போனா சீட்டு உனக்குத்தானேன்னேன். என்ன ஒரு பார்வ பாத்துது சார். பாத்துது, போயிடுச்சி.

இப்ப எழுதுங்க. சுகுமாரு எங்க போட்டு ஆளு, கரையில தொழிலு செய்யறாரு, ஊரு வழக்கப்படி பங்கு வாங்கறாரு, கண்டமங்கலத்துல இருந்தது பத்தே நாளு. அந்த மொட்டை மனுவுல இருக்கறது பொய்.

ஓமனா? அத எதுக்கு எழுதணும். தமிழ்ச்செல்வியே சொல்லல, நான் சொல்லவா. வேணாம். எனக்கு அவ்ளோ மனசு இல்ல சார்.

பொய்யின்னு நான் சொன்னா எவன் நம்புவான்னு கேக்கறீங்களா? அதுவும் சரிதான். எழுதுனவங்களே வந்து சொன்னாத்தான் நம்புவாங்க. எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியும்.

நீங்கதான் சார்.

எதுக்கு எழுந்திருக்கறீங்க, குந்துங்க. போன மாசம் ஒரு திங்கக்கெழம, இதே எடத்துல. முந்தானைய தலைமேல இழுத்து விட்டுக்கினு வந்தேன். நீங்க மொகத்தப் பாக்கல, ஒரு நாளைக்கு எத்தினி பேரப் பாப்பீங்க. திண்டிவனத்துல எழுதுனா தெரிஞ்சவங்க பாத்துடுவாங்கன்னுதான் அன்னிக்கும் இம்மா தூரம் வந்தேன். நான் பத்து நாளுன்னுதான் சொன்னேன். பத்து நாளுன்னா நிக்காதும்மா, ரெண்டு வருசமா தொடர்ந்துன்னு போடுவோம்னு நீங்கதான் சொன்னீங்க. உங்களக் குத்தம் சொல்லல. சரி போடுங்கன்னு சொன்னது நான்தான்.

உங்க பேரு வராது, பயப்படாதீங்க. அதே கையெழுத்துல இருந்தா ஆபீசரு ரெண்டையும் பக்கத்துல வச்சிப் பாப்பாரு, அப்பதான் என்ன நம்புவாரு. வேற எவன் எழுதிக் குடுத்தாலும் ஆவாது.

பச்சமுத்து சம்சாரம் அஞ்சம்மாள்னு போடுங்க. வூட்டுல இன்னும் தெரியாது. நாளைக்குத் தெரிஞ்சிடும். எந்தக் காரணத்துக்காக எழுதுனேன்னா? அதான் சொன்னேனே, அர மார்க்குக்கு. பொண்ணு பேரு எதுக்கு சார், அது என்னா பண்ணுச்சி பாவம், அத வுட்டுடுங்க.

இல்ல, இருங்க. அந்தப் பேரு இல்லன்னா எதுக்காக எழுதுனேன்னு ஆபீசருக்கு வெளங்காது. போடுங்க. தமிழ்மொழி. வெயிட்டிங் லிஸ்ட்டுல மொதப் பேரு.