சாம்பல் நிறக் கார் ஒரே தெருவைச் சுற்றியது பற்றி

என் பெயரையும் முகவரியையும் எழுத்தர் மேலே குறித்துக்கொண்டார். வயது ஐம்பத்து மூன்று. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில், இரண்டாவது மாடியில் கணவருடன் வசிக்கிறேன். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். காலமெல்லாம் மேலும் கீழும் போய்ப் பழகியவர் என்பதால் அவருக்கு இடது, வலதில் தகராறு உண்டு. இதை அவர் காதுபடவே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மேற்படி சாம்பல் நிறக் காரை நாங்கள் சென்ற வருடம்தான் வாங்கினோம். அதற்கு முன் வேறு கார் இருந்தது. அதில் முன் இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்பவர் என் கணவரின் அண்ணன், அதாவது இப்போது புகார் கொடுத்திருக்கும் பெரியவர். அவர் ஓய்வு பெற்ற தபால்காரர். அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. தெரியாவிட்டாலும் வழி சொல்லிவிடுவார். நான்கு வருடங்களுக்கு முன், வெளிநாட்டுக்குப் படிக்கப் போன அவர் மகளை வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போனோம். தாயும் மகளும் டாக்ஸியில் முன்னால் போய்விட்டார்கள். பெரியவர் பாலத்தின் மேலே போகச் சொன்னார், என் கணவர் கீழே போனார், கீழே வண்டிகள் நகரவில்லை. பெரியவர் குத்திக் குத்திப் பேச, என் கணவர், "வண்டி என்னுது, வழியும் என்னுது. நீங்க பேசாம வாங்க" என்றார். பெரியவர் இறங்கினார், கதவை மெதுவாகச் சாத்தினார், நடந்தே போனார். அவர் போய்ச் சேர்ந்தபோது மகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தாள்.

அன்று முதல் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. இருவருமே தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்கள். என் ஓரகத்தியும் நானும் மட்டும் போனில் பேசிக்கொள்வோம்.

அதன் பிறகு என் கணவர் வழி தெரியாமல் திண்டாடினார். போனில் மேப் பார்த்தால், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அதே போனுக்குக் கூப்பிட, மேப் மறைந்துவிடும். ஆகவே காரிலேயே ஒரு ஜி.பி.எஸ். வைத்துவிடுவது என்று முடிவு செய்து, சம்பவ தினத்தன்று காலை இருவரும் கடைக்குப் போனோம். முதலில் காட்டியது கண்ணாடியில் ஒட்டுவது. அது பல்லி மாதிரி எப்போது விழும் என்று தெரியாது, வேண்டாம் என்றேன். அடுத்ததில் வெயில் பட்டால் படம் தெரியவில்லை. அதன் பிறகு, பழைய ரேடியோவைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே பொருத்தும் பெரிய திரையைத் தேர்ந்தெடுத்தோம். நெட் இல்லாவிட்டாலும் அதில் வழி தெரியும், தமிழிலும் பேசும். பொருத்துபவர் டேஷ்போர்டில் ஒரு கீறல் விழாமல் வேலையை முடித்தார். அவருக்கு என் பாராட்டைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு பொருத்துபவர் எந்தக் குரல் வேண்டும் என்று கேட்டார். பெண் குரல் தேனாக இருந்தது. என் கணவர் ஆண் குரலைத் தேர்ந்தெடுத்து, "அதட்டிச் சொன்னாத்தான் எனக்கு ஏறும்" என்றார். அது யாருடைய அதட்டல் மாதிரி இருந்தது என்று எனக்குத் தெரியும். சோதித்துப் பார்க்க ஒரு முகவரி கேட்டார்கள். என் கணவர் பெரியவர் வீட்டு முகவரியைக் கதவு எண்ணோடு சொன்னார். அங்கேயே கிளம்பினோம். வழியில் அவராகவே பேக்கரி முன் நிறுத்தி ஒரு கேக் வாங்கி என் மடியில் வைத்தார். புகாரில் 'சந்தேகத்துக்குரிய பெட்டி' என்று இருப்பது அதுதான்.

பிற்பகலில் அந்தத் தெருவை அடைந்தோம். 'இடது பக்கம் திரும்பவும்' என்றது கருவி. திரும்பினார். 'நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது' என்றது. வேகத்தைக் குறைத்தார், சட்டைக் காலரைச் சரிசெய்தார், வீட்டைத் தாண்டிப் போய்விட்டார். கேட்டதற்கு, "திரும்பவும்னு சொல்லுதே. இன்னொரு வாட்டி போகணும் போல" என்றார்.

"அது வண்டியத் திருப்பச் சொல்லுதுங்க. மறுபடியும் சுத்தச் சொல்லல."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

மீண்டும் சுற்றினார். கருவி திரும்பவும் என்றது, அவர் திரும்பவும் போனார். எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை. புகாரில் ஒன்பது என்று இருந்தால் ஒன்பதுதான். எனக்கு இருந்த ஒரே ஆசை, அவர் அந்த வாசலில் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது. நான் இறங்கிப் போய் மணியடித்திருக்கலாம். ஆனால் அது அவர் காலால் அவரே நடந்து போக வேண்டிய வாசல். கடைசிச் சுற்றில், "வா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அந்த நேரத்தில் காவல்துறை ஜீப் குறுக்கே வந்து நின்றது.

அதன் பிறகு நிலையத்தில் எங்களை உட்காரவைத்து, பெரியவரை வரவழைத்தார்கள். இந்த ஆளைத் தெரியுமா என்று ஆய்வாளர் கேட்டார். பெரியவர் தெரியும் என்றார். என்ன உறவு என்று கேட்டதற்கு, கூடப்பிறந்த தம்பி என்றார். எப்போது அடையாளம் தெரிந்தது என்று கேட்டதற்கு, இரண்டாவது சுற்றிலேயே என்றும், வளைவைத் தாண்டிய பிறகு இண்டிகேட்டர் போடுகிறவன் ஊரிலேயே ஒருவன்தான் என்றும் சொன்னார். தெரிந்துமா சந்தேகக் கார் என்று புகார் கொடுத்தீர்கள் என்று ஆய்வாளர் கோபப்பட்டார். அதற்குப் பெரியவர் சொன்னதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்:

"கூப்பிட்டா விறைச்சுக்கிட்டுப் போயிடுவான் சார். இன்னைக்குப் போனான்னா அப்புறம் வரமாட்டான். யாராவது நிறுத்தினாத்தான் நிப்பான். எனக்கு வேற யாரத் தெரியும்?"

என் கணவர் எழுந்து நின்றார். பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார், பெரியவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

பொய்ப் புகார் கொடுத்ததாகப் பெரியவர் மீது நடவடிக்கை எடுக்கப் போவதாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அவர் புகார் கொடுத்திருக்காவிட்டால் நாங்கள் கேக்கோடு வீடு திரும்பியிருப்போம். எங்களை நிறுத்திய காவலர்களுக்கு நன்றி.

இவை யாவும் நான் கண்டதும் கேட்டதுமே. வாசித்துக் காட்டியபோது திருத்த ஒன்றும் இருக்கவில்லை. பெரியவர் அதற்குள் காரில் முன் இருக்கையில் ஏறிவிட்டார், வெளியே ஹாரன் அடிக்கிறார்கள். எனக்கு இனிப் பின் இருக்கைதான் என்பதை முழு மனதுடன் ஏற்றுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)