தட்டு முடியும்வரை

பாட்டு செட் நல்லதா என்று கேட்பவர்கள் சத்தத்தைத்தான் பார்க்கிறார்கள். எனக்குச் சத்தம் பெரிதில்லை. பாடகி அடுத்த அடிக்கு முன் மூச்சிழுப்பது கேட்க வேண்டும். இசைத்தட்டு முடியும்வரை எதுவும் என்னைக் கதிரையிலிருந்து எழுப்பக் கூடாது. திருப்தி என்று நான் சொல்வது இவ்வளவுதான், ஐயா.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்த நில அளவையாளன் நான்; தனி ஆள். மஹய்யாவப் பகுதித் தச்சன் பழனியாண்டிதான் என் ஒலிப்பெட்டிகளைப் பலாப்பலகையில் செய்தவன். அறைக்கதவையும் இரட்டைப் பலகையாக்கி, நடுவே மணல் நிரப்பினான். "இனி இடி விழுந்தாலும் தெரியாதுங்கய்யா" என்று சிரித்தான். எங்கள் தெருவில் அதைவிடப் பலமான கதவு இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

எண்பத்துமூன்று ஜூலையில், கண்டியில் தமிழர் கடைகள் எரிந்த பகலில், அவன் என் மாடிப்படி ஏறி வந்தான். அவன் மனைவி ராக்கம்மாவைக் கீழ்வீட்டு மர்சூக் தன் வீட்டுப் பெண்களோடு மறைத்துவிட்டார். "நீங்க மேல சேர்ட அறைக்குப் போங்க" என்று அவனை அனுப்பியவரும் அவர்தான்.

தட்டிப் பயனில்லை என்பது கதவைச் செய்தவனுக்குத் தெரியாதா? சாவித்துவாரத்தில் வாயை வைத்தான். "ஐயா, நாந்தாங்க பழனியாண்டி. தொறங்கய்யா, வர்றானுக."

ஊசி கடைசிப் பாட்டில் இருந்தது. என் மாடி பலகைத் தளம். ஓர் ஆள் ஓடி வந்தால் ஊசி துள்ளும், தட்டில் கீறல் விழும். மதராசிலிருந்து வந்த தட்டு, இன்னொன்று கிடைக்காது. நான்கு நிமிடம்தான் மிச்சம். முடிந்ததும் திறப்பதாகத்தான் இருந்தேன். ஊசியைத் தூக்க ஒரு விரல் போதுமே என்று ராக்கம்மா கேட்கிறாளாம். பாதியில் தூக்கினால் அன்றைய நாளே பாழ் என்பது அவளுக்கு எப்படிப் புரியும்? நான் என்ன செய்ய முடியும்?

அவர்கள் படியேறி வந்தார்கள். உள்ளே யார் என்று சிங்களத்தில் கேட்டார்கள். யாருமில்லை, பூட்டிக் கிடக்கும் அறை என்று அவனும் சிங்களத்திலேயே சொன்னான். பாட்டு முடிந்ததும், நினைத்திருந்தபடியே கதவைத் திறந்தேன். படியில் செத்துக் கிடந்தான். எனக்கும் வருத்தம்தான்.

ஒன்றும் கேட்கவில்லை என்று அன்று பொலிசில் சொன்னேன். அது பொய். எல்லாம் கேட்டது. பாட்டு ஒரு பக்கம், அவன் குரல் ஒரு பக்கம், இரண்டும் கலக்கவேயில்லை. செட் அவ்வளவு சுத்தம். தட்டிலும் ஒரு கீறல் இல்லை. வேண்டுமானால் வந்து கேட்டுப் பாருங்கள்.