எட்டு பல்பும் எரிந்த நாள்

வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம்பெண் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். பள்ளிகொண்டாவில் ஏறிய பெண்மணி ஒருவர் அவள் பக்கத்தில் வந்து உட்காருவதற்குள் அவள் கத்திவிட்டாள்: "எட்டும் எரிஞ்சிதுக்கா!"

"இன்னாடி எட்டு?"

"பல்புக்கா! மைக்ரோபிராசஸர் லேப் எக்ஸாம். ரெண்டு தடவை அரியர் வெச்சேனே, அதே."

"போன தடவை ஏன் எரியல?"

"மைக்ரோபிராசஸர் நேரா பல்பை எரிய வைக்காதுக்கா. நடுவுல ஒரு சிப்பு இருக்கு. அதுக்கு மூணு வாசல். கரண்ட் வந்ததும் மூணுமே உள்ள வாங்கறதுக்குத்தான் நிக்கும். எது வெளிய அனுப்பணும்னு முதல்ல நாம அதுக்குச் சொல்லணும். போன தடவை அதைச் சொல்லாம விட்டுட்டேன்."

"நம்ம ஷூ கம்பெனி சூப்பர்வைசருக்கு மூணுமே வெளிய அனுப்பற வாசல்தான். நாம சொல்றது ஒண்ணும் உள்ள போவாது."

இருவரும் சிரித்தார்கள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரும் சிரித்தார்.

"சரி, பாஸா?"

"எக்ஸாமினர் கையெழுத்து போட்டுட்டு, 'இனிமே இந்த லேப் பக்கம் வராதம்மா'ன்னாரு."

"அப்போ டிப்ளமா முடிஞ்சிது! முடிச்சா மெஷின் ரிப்பேர் செக்ஷன்ல போடறேன்னு மேனேஜர் சொன்னாரே?"

"போன் பண்ணிட்டேன்கா. திங்கக்கிழமையே அங்க வரச் சொல்லிட்டாரு."

"இனிமே என் தையல் மெஷின் நின்னா யாரு வருவாங்க?"

"நான்தான் வருவேன்."

"அப்போ திங்கக்கிழமை காலைல மொத மெஷின் என்னுதுதான் நிக்கும்."