ஒரே மாதிரி இரண்டு டப்பா

இரணியலில் ரயில் ஏறிய புருஷனும் பெண்டாட்டியும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அவர் பெங்களூரில் கம்ப்யூட்டர் சிப் சோதிக்கிறவர். நாளைக் காலையில் ஒரு சிப்பை மேனேஜரிடம் காட்ட வேண்டுமாம்.

"ஒரு சிப்புக்குள்ள ரெண்டு மூளை, கேட்டியா. ரெண்டும் ஒரே கணக்கப் போடும். விடை ஒத்துவந்தா தப்பே கிடையாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"ரெண்டும் ஒரே தப்பப் பண்ணினா?"

"மேனேஜரும் இதத்தான் கேட்டாரு. நான் சிரிச்சேன்லா."

அவளுக்குக் காட்டப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். ரயில் பெட்டி முழுக்க நெத்திலிக் கருவாட்டு வாசம்.

"ஏட்டி, டப்பா மாறிப்போச்சு, சிப்பு அம்மைக்க அடுக்களையில கெடக்கு! நீ பாத்தேன்னு சொன்னியே?"

"டப்பா இருக்கான்னு பாத்தேன். நீங்களும் பாத்தேன்னு சொன்னியளே, அத்தான்?"

"நானும் டப்பாவத்தான் பாத்தேன். தொறக்கல்ல."

"அப்போ நம்ம ரெண்டு பேருக்கும் விடை ஒத்துவந்திருக்கு."

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"நாளைக்கு மேனேஜருக்கு முன்னால இதையே தொறந்து வைக்கேன். அவரு கேட்ட கேள்விக்கு இதவிட நல்ல பதிலு எங்கிட்ட இல்ல."