மூன்றாம் நாளே வந்துவிட்ட முடிவு

கடமையைக் கண்ணெனக் காத்தவரே, கையூட்டின் நிழலையும் கதவுக்கு வெளியே நிறுத்தியவரே, முப்பத்தாறு ஆண்டுகள் சுங்கப் பணியில் சோர்வின்றிச் சுழன்று இன்று ஓய்வுபெறும் எங்கள் கண்காணிப்பாளர் லட்சுமணசாமி ஐயா அவர்களே, வணக்கம். அவருக்கு வாய்த்த வாழ்க்கைத் துணையாய் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பங்காரம்மா அம்மையாருக்கும், கணவரோடு வந்திருக்கும் மகள் மேக்னாவுக்கும் எங்கள் பணிவான வணக்கம்.

அயல்நாட்டு அஞ்சலைச் சோதிக்கும் வேலை ஊரார் மெச்சும் வேலை அல்ல. அன்னூரிலும் உடுமலைப்பேட்டையிலும் இருக்கும் பெற்றோர், கடல் கடந்து பிழைக்கும் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றும் பட்டச் சான்றும் கல்யாணப் பதிவும் அனுப்புகிறார்கள். அவர்கள் நாக்கில் தொட்டு ஒட்டிய உறையை, எக்ஸ்ரே திரையில் ஏதேனும் ஐயம் தட்டினால், நாங்கள் கத்தரியால் நறுக்கித் திறக்கிறோம். அடுத்தவர் வீட்டுக்குள் அழைக்காமல் நுழைகிற கூச்சம் அதில் எப்போதும் உண்டு. அந்தக் கூச்சம் மரத்துப்போகாமல் பார்த்துக்கொண்டவர் தாங்கள். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்வீர்கள்: "பொருள் இருக்குதான்னு மட்டும் பாருங்க கண்ணு. எழுத்தப் படிக்காதீங்க. அது அவங்க ஊட்டுச் சங்கதி." ஆயிரமாயிரம் உறைகளைத் திறந்தும் ஒருவர் கடிதத்தையும் படிக்காத கண்ணியர் தாங்கள்.

திறந்த உறையைத் தங்கள் முன்னால்தான் மூட வேண்டும், ஒட்டிய பட்டையின் மீது தங்கள் கையெழுத்து விழ வேண்டும், நிறுத்தி வைத்த உறைகள் இருக்கும் அலமாரியின் சாவி தங்கள் சட்டைப் பையில்தான் இருக்க வேண்டும் என்பது தாங்கள் வகுத்த வழக்கம். முன்பொரு முறை ஓர் உறையில் இருந்த மோதிரம் காணாமல் போய், பாவப்பட்ட ஒரு கடைநிலை ஊழியர் மீது பழி விழுந்தது. இனி எந்தப் பழி வந்தாலும் என் தலையில் வரட்டும் என்று அன்று அந்தச் சாவியை எடுத்துக்கொண்டீர்கள். தேநீர் குடிக்கப் போனாலும் பையைத் தட்டிப் பார்த்துக்கொள்ளும் தங்களை, சாவிக்குத் தாலி கட்டியவர் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் கேலி செய்ததுண்டு. பொறுத்தருள்க.

பிரிவுபசார விழாவுக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டபோது தாங்கள் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறோம். "மோதிரம், சால்வ எதுவும் வேண்டாமுங்க. அன்னூருக்குப் போயி சுப்பாத்தாள் அம்மாவக் கூட்டிட்டு வாங்க. அவங்க முன்னால உண்மையப் படிச்சிருங்க. நான் மூணு தடவ போனனுங்க. வாயே வரலீங்க." வாழ்த்து மடலில் இது தகுமா என்று தயங்கினோம். ஒரு வரியையும் வெட்டக் கூடாது என்று தாங்கள் கண்டிப்பாகச் சொன்னதால் எழுதினோம். சுப்பாத்தாள் அம்மையாரும் வந்து, பங்காரம்மா அம்மையாருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். இனி வருவது அவருக்காக.

அம்மா, தங்கள் மகன் செங்கோடன் வளைகுடாவில் வெல்டர் வேலையில் இருந்தபோது மாரடைப்பில் இறந்தார். உடலை ஊருக்கு அனுப்ப, தாங்கள் கையெழுத்திட்ட அசல் சம்மதப் பத்திரம் பத்து நாளுக்குள் வந்து சேர வேண்டும், இல்லையேல் அங்கேயே அடக்கம் செய்துவிடுவோம் என்று கம்பெனி சொன்னது. தாங்கள் அன்றே பத்திரத்தை அனுப்பினீர்கள். அதனோடு கொடுமுடிக் கோயில் திருநீற்றையும் ஒரு சின்னப் பொட்டலமாக மடித்து வைத்தீர்கள். எக்ஸ்ரேயில் பொடி தெரிந்தது. உறையைத் திறந்து, துளி எடுத்து ஆய்வுக்கு அனுப்பிவிட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டினோம். பத்திரத்தை நாங்கள் யாரும் படிக்கவில்லை.

பிறகு பத்தாம் நாள் அடக்கம் முடிந்தது. தாமதம் ஏன் என்று அஞ்சலகம் கேட்டபோது, 'உள்ளே வெண்பொடி இருந்தமையால்' என்று பதில் எழுதினோம். அதில் பொய் இல்லை, பாதி உண்மைதான் இருந்தது. அந்தப் பாதியைத் தாங்கள் முழுதாக நம்பிவிட்டீர்கள். எங்கள் ஐயா முதல் முறை அன்னூருக்கு வந்தபோது, அவர் வாய் திறப்பதற்குள் தாங்கள் சொன்னீர்களாம்: "வர்ற வழிக்குத் தொணையா இருக்கட்டும்னு நாந்தானுங்க போட்டேன். எம்பையன எம்பட கையாலயே அங்க நிறுத்திப்போட்டேன். நீங்க உங்க வேலையத்தானுங்க செஞ்சீங்க." அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினீர்களாம். அந்த மோரைக் குடித்த பிறகு பேச முடியவில்லை என்று அவர் எங்களிடம் அழுதார். மகனை அங்கே அடக்கம் செய்த நாள் முதல் தாங்கள் நெற்றியில் திருநீறு பூசுவதில்லை என்பதையும் அவர்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

அம்மா, மீதிப் பாதி இதுதான். அது வெறும் திருநீறு என்ற ஆய்வு முடிவு, கம்பெனி சொன்ன பத்து நாளில் மூன்றாம் நாள் காலையிலேயே எங்கள் கைக்கு வந்துவிட்டது. அன்றே அனுப்பியிருந்தால் பத்திரம் உரிய நாளுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் முந்தின நாள் மாலைதான் ஐயா மகளின் கல்யாணத்துக்காக எட்டு நாள் விடுப்பில் போயிருந்தார். சாவி அவர் பையிலேயே போய்விட்டது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் ஆய்வாளர் சண்முகப்பிரியாவாகிய நான் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். கல்யாண வேலையில் இருப்பவரை ஒரு கவருக்காகவா கூப்பிடுவது என்று கீழே வைத்துவிட்டேன். வேண்டாமென்று மற்றவர்களும் சொன்னார்கள். பூட்டை உடைக்கவோ மேலிடத்தில் கேட்கவோ எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்யாணத்தன்று பிரிவே திரண்டு போய், சாவி வைத்திருந்தவர் கையாலேயே சந்தனம் வாங்கிப் பூசிக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டோம். அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பதினோராம் நாள் அவர் வந்து முதல் கையெழுத்தைத் தங்கள் உறையில்தான் போட்டார். பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்பது, அது பயனின்றித் திரும்பி வந்த பிறகே எங்களுக்குத் தெரியும்.

லட்சுமணசாமி ஐயா, தங்கள் நேர்மையில் இன்றும் எங்களுக்கு ஐயமில்லை. அந்த நேர்மையின் சாவியைத் தங்களிடம் விட்டுவிட்டு நாங்கள் சும்மா இருந்துவிட்டோம். தங்கள் மேல் கோபமும் இருக்கிறது, அதைவிட எங்கள் மேல் அதிகம். நோயின்றி நெடுநாள் வாழுங்கள், பேரன் பேத்திகளைப் பார்த்து மகிழுங்கள் என்று வாழ்த்துகிறோம். நன்றாக உறங்குங்கள் என்று வாழ்த்தும் உரிமை எங்களுக்கு இல்லை.

சுப்பாத்தாள் அம்மா, தங்கள் மகனைத் தடுத்தது தாங்கள் வைத்த திருநீறு அல்ல. நாங்கள்தான். மன்னியுங்கள் என்று கேட்க வரவில்லை. இத்தனை நாளாகத் தங்கள் தலையில் இருந்த எங்கள் பழியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்திருக்கிறோம். ஐயா எழுந்து நிற்கிறார். நாங்களும் நிற்கிறோம். தாங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறோம்.

தலைகுனிந்து நிற்கும்,
சண்முகப்பிரியா, மனோஜ்குமார், ரிஃபத், அங்கப்பன்
மற்றும் பிரிவின் ஊழியர் அனைவரும்,
கோயம்புத்தூர்.